எரியாத வீட்டுப் பிள்ளை

நம் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். வரிசை என்றால் உங்களுக்குத் தெரியும். ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில், ஆர்பருக்குப் போகிற கூட்ஸ் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்ற நம் கீற்றுக் குடிசைகள். இன்று அந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நாம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். வாட்ஸாப் குழுவில் மட்டும்தான் இப்போது அக்கம்பக்கம்.

போன வாரம் கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப் பிடித்தது. என் வீடு அதற்குக் கூப்பிடு தூரத்தில், மூன்றாவது மாடி. ஜன்னலைச் சாத்திவிட்டு, புகையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். உடனே ஒருவர் மாற்றி ஒருவர் நம் பழைய தீயைப் பேச ஆரம்பித்தீர்கள். அப்புறம்தான் டெய்லர் மாமாவின் மகன் அதை எழுதினான். "உங்க வூட்ல தங்கிகினு உங்க வூட்லயே கைய வெச்சாளே, அந்தத் திருட்டுக் குட்டி, அது இப்ப எங்க கீது?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். அதில் ஒன்று நான் போட்டது. கட்டைவிரல் அதுபாட்டுக்குப் போய் அழுத்திவிட்டது.

அவள் திருடி இல்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் நான் ரொம்ப நல்லவளாகிவிடுவேன். அதனால் முழுக்கச் சொல்கிறேன். அவள் எங்கள் வீட்டில் தங்கிய அத்தனை நாளும் எனக்கு அவள் மேல் எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவள் மீன்கார அத்தையின் ஒரே மகள். சொந்த அத்தை இல்லை, பக்கத்துக் குடிசை. அத்தை விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் வருவாள். அத்தையின் புருஷன் மீன்பிடி லாஞ்ச்சில் போய்விட்டால் வாரக்கணக்கில் வரமாட்டார். அதனால் அவள் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அதுவரைக்கும் பொறாமைப்பட அவளிடம் ஒன்றுமே இல்லை. சொல்லப் போனால் அவள்தான் என் கொலுசை அடிக்கடி தொட்டுப் பார்ப்பாள். அது தனிக் கொலுசு. ஜோடியை நான் எப்போதோ கடலில் விட்டுவிட்டேன். ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடப்பேன்.

சித்திரை மாதம், பள்ளிக்கூட லீவு, மதியம் மூன்று மணி இருக்கும். கடல்காற்று ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஓரத்துக் கடைசிக் குடிசையில் பற்றியது. ஸ்டவ்வா, பீடியா, இன்றுவரை நாம் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஓலை வெடிக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தால், தீ ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவிக்கொண்டு எங்களைப் பார்த்து வருகிறது. ஃபயர் சர்வீஸ் வண்டி வந்தது, ஆனால் சந்துக்குள் நுழைய முடியாமல் ரோட்டிலேயே நின்றது. அடி பம்ப்பிலிருந்து குடம் குடமாகக் கை மாற்றினோம். அத்தனை பெரிய கடல் பின்னாலேயே கிடக்கிறது, நாம் அடி பம்ப்பை அடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதிரி நேரத்தில் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீ வருகிற வழியில் ஒரு குடிசையைத் தேர்ந்தெடுத்து, கூரையைத் தாங்குகிற நடுக்காலில் கயிறு கட்டி, தரையோடு தரையாகச் சாய்த்துவிடுவார்கள். தாவுவதற்குக் கூரை இல்லாவிட்டால் தீ அங்கேயே நின்று எரிந்து அடங்கும். ஒரு வீடு போனால் மிச்சம் இருபது வீடு நிற்கும். எந்த வீடு என்பதுதான் கேள்வி. ஆம்பிளைகள் கயிறும் கடப்பாரையுமாக நின்று ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "மீன்காரம்மா வூட்ட இஸ்துத் தள்ளுங்கய்யா! இன்னாத்தப் பாத்துகினு நிக்கிறீங்க!" யார் குரல் என்று அந்த இரைச்சலில் எனக்குத் தெரியவில்லை.

அத்தை கூடையோடு போயிருந்தாள், மகள் மட்டும் அப்போது வீட்டுக்குள் தனியாக இருந்தாள். கயிறு கட்ட வந்தவர்களைப் பார்த்ததும் நடுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா வர்ட்டும்! எங்கம்மா வந்து சொல்லட்டும்!" என்று கத்தினாள். என் அம்மாதான் உள்ளே ஓடி அவள் கையைப் பிய்த்து எடுத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு சாமான்கூட எடுக்க நேரமில்லை. கயிற்றை இழுத்தார்கள், குடிசை விழுந்தது, தீ வந்து அந்தக் குவியலைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றது. அடுத்தது எங்கள் வீடு. எங்கள் கூரையில் ஒரு ஓலை கருகவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் பிடித்தது சனி.

வேன்களில் ஆட்கள் வந்தார்கள். பக்கெட், பாய், பன் ரொட்டி, புதுக் கவுன். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பை. அதில் நோட்டு, கலர் பென்சில், மூடியில் வாத்துப் படம் போட்ட ஜியாமெட்ரி பாக்ஸ். அந்த வாத்தைப் பார்த்ததும் என் மனசு நிற்கவில்லை. சாம்பலை அள்ளிக் கையிலும் கன்னத்திலும் பூசிக்கொண்டு வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்தபோது பை கொடுத்துக்கொண்டிருந்தவர் நம் டெய்லர் மாமாவிடம் ஜாடையாகக் கேட்டார். டெய்லர் மாமா என்னைப் பார்த்தார். "அய்யே, இது எரியாத வூட்டுப் புள்ள சார்! இன்னாம்மே நீ, ஓடு!" எல்லோரும் சிரித்தார்கள். நேற்று வீட்டைப் பறிகொடுத்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சாம்பலும் கண்ணீருமாக நான் வீட்டுக்கு ஓடினேன். அங்கே அவள் என் பாயில், வாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பக் கட்டும் வரை அத்தையும் அவளும் எங்கள் வீட்டில்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். துறைமுகத்தில், அதாவது ஆர்பரில், வேலை பார்த்த என் நைனா பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். முதல் சோறு அவளுக்கு. மீனில் நடுத்துண்டு அவளுக்கு. என் தலையை வறட்டு வறட்டு என்று இழுத்து வாரும் அம்மா, அவளுக்கு மட்டும் எண்ணெய் தொட்டுப் பதமாக வாரி, கனகாம்பரம் வைத்துவிடுவாள். படுக்கும்போது அம்மாவின் கை அவள் மேல் கிடக்கும். நான் இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கடவுளே எங்க வூடும் எரிஞ்சிருக்கக் கூடாதா என்று வேண்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். நிஜமாகவே வேண்டியிருக்கிறேன்.

அவளுக்குச் சில கோளாறுகள் வந்தன. அம்மா ஸ்டவ்வைப் பற்ற வைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். சூடான சோறு வேண்டாம் என்பாள், ஆறிய பிறகுதான் தொடுவாள். பேச்சு நடுவில் சட்டென்று நிறுத்தி மூக்கை உறிஞ்சுவாள். "புகை வாசன வர்ல?" ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. போகிற வழியில் தண்டவாளம் தாண்டியதும் திரும்பி ஓடி வந்து, எங்கள் வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வருவாள். தினமும் லேட். என்னை முட்டி போட வைத்த டீச்சர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் "பாவம்" என்றார். அந்தப் பாவம் என்கிற வார்த்தை எனக்கு ஒரு நாளாவது கிடைக்காதா என்று ஏங்கினேன்.

இப்போது யோசித்தால் வரிசையில் எல்லோருக்குமே ஏதோ ஒன்று ஆகித்தான் இருந்தது. டெய்லர் மாமா தினமும் சாயங்காலம் ஏணி வைத்து ஏறிக் கூரைக்குத் தண்ணீர் தெளிப்பார். மழை பெய்த அன்றும் தெளித்தார். அந்தத் தீபாவளிக்கு யாரும் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. ஒரு தடவை யாரோ தண்டவாளத்தோரம் குப்பையைக் கொளுத்த, வரிசையே அலறிக்கொண்டு வெளியே வந்து, அப்புறம் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு உள்ளே போனது. பெரியவர்களுக்கு வந்தால் அது ஜாக்கிரதை. அவளுக்கு வந்ததை மட்டும் "புள்ள மெர்சலாயிட்டா" என்றார்கள். தர்காவில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு என்னம்மா பயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா என்றால், நானும் கேட்கவில்லை. "எல்லாம் டபாய்க்கிறா மா, நடிக்கிறா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பளாரென்று ஒரு அறை விட்டாள். அதுவும் அவள் கணக்கில்தான் எழுதினேன்.

அந்த வருஷம்தான் நம் வரிசையில் மூட்டைப் பழக்கம் வந்தது. ஞாபகம் இருக்கிறதா? ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், ஒரு மாற்றுத் துணி, எல்லாவற்றையும் பழைய புடவையில் கட்டி வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். தீ என்று சத்தம் கேட்டால் பிள்ளையை ஒரு கையிலும் மூட்டையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு ஓடலாம். அவளும் அம்மாவின் கிழிந்த புடவையில் தனக்கென்று ஒரு மூட்டை கட்டி எங்கள் வாசலில் வைத்தாள். யாரையும் தொட விடமாட்டாள். உள்ளே அந்த வாத்துப் பெட்டியும் புதுக் கவுனும்தான் இருக்கும், எனக்குக் காட்டாமல் பொத்தி வைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் இரண்டு பேரும் தண்டவாளத்தில் உட்கார்ந்து கொடுக்காப்புளி தின்றுகொண்டிருந்தோம். அவள் திடீரென்று கேட்டாள்.

"ஏய், உங்க வூட்ல நெருப்பு வந்தா இன்னா எட்த்துகினு ஓடணும்?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"சொல்லேன்."

எனக்குப் பெருமையாகிவிட்டது. எங்களிடம் எடுத்துக்கொண்டு ஓட எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டாமா? விரல் விட்டு எண்ணினேன். "என் கொலுசு. பொங்கலுக்கு எட்த்த சேப்புக் கவுனு. எங்கம்மாவும் நைனாவும் கண்ணாலத்துல எட்த்துகின போட்டோ. எங்க நைனாவோட ஆர்பர் பில்ல, அது இல்லாம கேட்ல உடவே மாட்டான். உனுக்கு இன்னா கீது எட்த்துகினு ஓட?"

அவள் உதட்டை அசைத்து நான் சொன்னதை மனப்பாடம் பண்ணுவது போல இருந்தாள். அப்புறம் எழுந்து வீட்டைப் பார்க்க ஓடினாள்.

நாலைந்து நாள் கழித்து நைனாவின் பில்லையைக் காணோம். சட்டையில் குத்திக்கொள்கிற பித்தளைப் பில்லை, நம்பர் போட்டது. நைனா வீட்டைப் புரட்டிப் போட்டார். அம்மாவைத் திட்டினார். அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் குந்திக்கொண்டு பீடியாகக் குடித்துத் தள்ளினார். மறுநாளும் கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பீடிப் புகைக்குப் பயந்து எங்கோ பின்பக்கம் போயிருந்தாள். மூட்டை மட்டும் வாசலில் இருந்தது. நான் பில்லையைத் தேடி அதைத் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வாத்துப் பெட்டிக்காகத்தான் திறந்தேன்.

வாத்துப் பெட்டி அதில் இல்லை. புதுக் கவுனும் இல்லை. அவளுடையது என்று ஒரு ஊக்குகூட இல்லை. என் சிவப்புக் கவுன் மடித்து வைத்திருந்தது. அதன் நடுவில், பள்ளிக்கூடத்துக்குப் போடக் கூடாதென்று நான் டிரங்குப் பெட்டியில் கழற்றிப் போட்டிருந்த என் கொலுசு. கல்யாணப் போட்டோவை உடையாமல் இருக்க அம்மாவின் பழைய ஜாக்கெட்டில் சுற்றி வைத்திருந்தாள். அடியில் நைனாவின் பில்லை. நான் எண்ணிச் சொன்ன நாலும், ஒன்றுகூட விடாமல்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாத வயசு என்று யாரும் எனக்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். நன்றாகவே புரிந்தது. புரிந்த கையோடு ஒரு சந்தோஷமும் வந்தது. மாட்டிக்கினா. இனிமேல் பாவம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். "நைனா! உன் பில்ல இவ மூட்டைல கீது! என் கொலுசும் கீது! திருடி! இவ திருடி!"

வரிசையே கூடிவிட்டது. மீன்கார அத்தை அப்போதுதான் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து வந்து நின்ற மகளை மீன் வாசம் வீசும் கையால் அடித்தாள். "சோறு போட்ட வூட்டுலயா கைய வெக்கிற? அந்த மனுசன் ரெண்டு நாளா பொயப்பு இல்லாம குந்திகினு கீறாரு! இன்னாத்துக்குடி எட்த்த? சொல்லு! வாயத் தொறந்து சொல்லு!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை அந்தப் பார்வையில். டீச்சர் கேள்வி கேட்கும்போது பக்கத்தில் இருக்கிறவளைப் பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தாள். நான் என் கொலுசை மாட்டிக்கொள்வதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

அத்தைக்கு மானம் போய்விட்டது. "வாணாம் அண்ணி, நாங்க போறோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே மகளை இழுத்துக்கொண்டு எண்ணூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் எல்லாரும் சந்தில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். டெய்லர் மாமா, "அதான் பாத்தேன், பயந்த கொயந்தையாம்ல?" என்றார். நைனா பில்லையைத் துடைத்துச் சட்டையில் குத்திப் பார்த்துக்கொண்டார். அம்மா மட்டும் எங்கள் வீட்டு நடுக்காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இனி அம்மா எனக்குத்தான் என்று பக்கத்தில் போய் மடியில் தலை வைத்தேன். அவள் கை என் தலைக்கு வரவேயில்லை. அந்த வாத்துப் பெட்டி எங்கள் வீட்டிலேயே கிடந்தது. அதை நான்தான் பத்தாவது வரை எடுத்துக்கொண்டு போனேன்.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷம், ஒரு காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளாகவே சொன்னாள். "மீன்காரம்மா வூட்ட இஸ்துத் தள்ளச் சொன்னது நான்தான்டி. ஒரு பக்கத்துல அந்தப் பொண்ணு காலக் கட்டிகினு கத்துது, நான் தள்ளுங்கன்றேன். அது காதுல வுயாமலா இருந்திருக்கும்? நம்ம வூடு நிக்கணும்னு சொல்லிட்டேன்." கஞ்சி வாயோரம் வழிந்தது, துடைத்துவிட்டேன். அந்த நடுத்துண்டு மீன், அந்தக் கனகாம்பரம், மேலே கிடந்த அந்தக் கை, எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் குரலை அவள் கேட்டிருக்கிறாள். கேட்டும், எங்கள் வீட்டுச் சாமான்களைத்தான் மூட்டை கட்டியிருக்கிறாள்.

இந்தத் தை மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் எதிர் வரிசையில் ஒருத்தி ரசத்தை ஆவி பறக்க உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தாள். மூக்கை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். இலையை மடித்துவிட்டு நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணூரிலேயே கல்யாணம், மூன்று பிள்ளைகள், மகனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியாம். "மொதல்ல ரொம்ப பேஜாரா இருந்திச்சி. அப்புறம் தெனமும் அதையே பாத்துகினு இருந்தா இன்னா பயம்? படுத்தா செத்த பொணம்தான், அப்டித் தூங்குவேன்" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வயசுக்கு மேலும் பாருங்கள். எனக்குத் தூக்கம் இல்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறேன். பங்குனி பிறந்தால் மூன்றாவது மாடி காங்கிரீட் வீட்டு வாசலில் மூட்டை கட்டி வைக்கிறேன், மருமகள் செருப்பு ஸ்டாண்டுக்கு இடம் இல்லை என்று முணுமுணுக்கிறாள். இவள் என்னவென்றால் குறட்டை விட்டுத் தூங்குகிறாளாம்!

"என் கொலுசு இன்னும் கீது" என்றேன், சம்பந்தமே இல்லாமல். "மூட்டைல வெச்சிருக்கேன்."

"நீயா? மூட்டையா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உனுக்கு இன்னாத்துக்குமே? உங்க வூடுதான் எரியவேயில்லியே!"

மண்டபத்து வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அன்றைக்கு நான் சொல்லியிருக்கணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கூட வந்திருந்த பேரனை ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தண்டவாளத்தில் உட்கார்ந்து கேட்ட அதே முகம்.

"ஏய், அன்னிக்கு மூட்டைல எல்லாம் இருந்திச்சா? நீ சொன்னதுல ஒண்ணும் வுட்டுப் போவலியே?"

"ஒண்ணும் வுட்டுப் போவல" என்றேன். "உன்னுதுதான் ஒண்ணுமே இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். எங்கள் சாமான் எல்லாம் பத்திரமாக இருந்ததில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆட்டோ போய்விட்டது. போன வாரம் குழுவில் நான் போட்ட அந்தச் சிரிப்பு மூஞ்சியை இன்று காலை எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.